சேலத்து ஏரிகளில் விரால் பிடிக்க: முதல்முறை ராடு எடுப்பவர்களுக்கு

தூண்டில் போடக் கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம் வரும் இளைஞர்களில் பாதிப் பேர் அமெரிக்காவின் பாஸ் மீன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தவளைப் பொம்மையைப் பாசிமேல் இழுப்பதும், மீன் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து கவ்வுவதும் பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். சேலத்து ஏரிகளில் பாஸ் கிடையாது. ஆனால் அதேபோலப் பாசிக்கடியில் பதுங்கி, அதேபோலப் பாய்ந்து கவ்வும் மீன் ஒன்று நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. அதுதான் விரால். பாஸ் பிடிக்கும் ராடு, ரீல், தவளைப் பொம்மை எல்லாம் விராலுக்கு அப்படியே பொருந்தும். பருவக் கணக்கு மட்டும் பொருந்தாது. பலர் ஏமாறுவது அங்கேதான்.

அங்கே பாஸ் மீனின் ஆண்டு தண்ணீரின் சூட்டை வைத்து நடக்கிறது. குளிர்காலத்தில் ஆழத்தில் மந்தமாகக் கிடக்கும். குளிர் விட்டு, தண்ணீர் 16 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியதும் கரையோரம் வந்து முட்டையிடும். நம் ஏரித் தண்ணீர் மார்கழியில்கூட அந்த அளவுக்குக் குளிராது. இங்கே விராலின் ஆண்டைத் தீர்மானிப்பது மழையும் ஏரியின் மட்டமும்தான். ஏரி ஏறுகிறதா, இறங்குகிறதா, நின்றிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ராடுக்கு முன்னால் மூச்சு

விரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் இல்லை. தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றிலிருந்து உயிர்வளி வாங்குவதற்கென்றே அதற்கு ஓர் அறை உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய்க் காற்று எடுத்தே ஆக வேண்டும். மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே தடுத்துவைத்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால்தான் தண்ணீர் கெட்டு மற்ற மீன்கள் மிதக்கும் குட்டையிலும் விரால் பிழைத்துக் கிடக்கும். அதே மூச்சுதான் அதன் இருப்பிடத்தையும் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர் ஏரிக்கரையில் மாடு மேய்த்த ஒரு பெரியவர். புது ராடோடு போய் வந்த வேகத்தில் வீச ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “கண்ணு, சும்மா உக்காரு. எங்க மூச்சு வாங்குதுன்னு மொதல்ல பாரு” என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்தோம். அந்த அரை மணியில் அவர் விரலை நீட்டி ஐந்து இடம் காட்டினார். நான் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

நீங்களும் முதல் நாள் அப்படியே செய்யுங்கள். சின்னக் கெண்டைகள் மேலே வந்தால் மழைத்துளி விழுந்ததுபோலச் சிறு வட்டங்கள்தான் தெரியும். ஜிலேபி மீன் பாசி ஓரத்தைச் சப்பிச் சப்பித் தின்னும், ‘ச்சப் ச்சப்’ என்று தொடர்ந்து கேட்கும். விரால் வேறு மாதிரி. கட்டைவிரல் நுனி அளவுக்குக் கறுப்பாக ஒரு மூக்கு தெரியும். ‘களக்’ என்று ஒரே ஒரு சத்தம். வட்டம் அகலமாக விரியும், அதற்குள் இரண்டு மூன்று குமிழ்கள் வந்து உடையும். அதோடு அந்த இடம் அமைதியாகிவிடும். அந்த இடத்தைக் கரையில் நின்றபடி ஓர் அடையாளத்தோடு சேர்த்து மனதில் வையுங்கள், ‘சாய்ந்த வேலமரத்துக்கு நேரே, மூன்றாவது கோரைப் புதர்’ என்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்கு அருகிலேயே மறுபடி மூச்சு வாங்கும். இரண்டு முறை பார்த்த இடத்தில் மட்டும் வீசுங்கள்.

எங்கே, யாரைக் கேட்டு

சேலம் மாவட்டத்தில் மீன் உள்ள பெரும்பாலான ஏரி, குளங்களில் மீன்பிடி உரிமை ஏலத்தில் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகை எடுத்தவர் கடன் வாங்கிக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டிருப்பார். கேட்காமல் தூண்டில் போடுவது அவருடைய தோப்பில் மாங்காய் பறிப்பதற்குச் சமம். ஏரிக்கரை டீக்கடையில் விசாரித்தால் யார் குத்தகை என்று சொல்லிவிடுவார்கள். நேரில் போய், “அண்ணா, விரால் மட்டும் ராடுல பாக்கலாங்களா? கெண்டை மாட்டுனா உட்டுர்றேன்” என்று கேளுங்கள். விட்ட குஞ்சுகளை விரால் தின்றுவிடும் என்பதால் பல குத்தகைக்காரர்களுக்கு அது வேண்டாத விருந்தாளி. பெரும்பாலும் சரி என்பார்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஏரிக்குப் போய்விட வேண்டும்.

மேட்டூர் நீர்த்தேக்கம் வேறு கதை. அங்கே உரிமம் பெற்ற மீனவக் குடும்பங்களின் பிழைப்பு நடக்கிறது. மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் அங்கே இறங்க வேண்டாம். ஏற்காடு ஏரி படகுச் சவாரிக்கும் சுற்றுலாவுக்குமானது, அதை விட்டுவிடுங்கள். மலைமேல் காப்பித் தோட்டங்களுக்குள் இருக்கும் குட்டைகள் தனியாருடையவை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அடிவாரத்துக் கிராம ஏரிகளும் குட்டைகளும்தான் நல்ல பள்ளிக்கூடம்.

மூக்கனேரி போன்ற நகரத்து ஏரியில் அனுமதி கிடைத்தாலும், பறவைகள் அடையும் தீவுத் திட்டுகளின் பக்கம் வீசாதீர்கள். சாயத் தண்ணீரும் சாக்கடையும் கலக்கும் ஏரியில் பிடித்த விராலைச் சமைக்கவும் வேண்டாம். அந்தத் தண்ணீரிலும் உயிரோடு இருக்கிறது என்பதை வைத்து அதைச் சுத்தமான மீன் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சாமான்கள்

ராடு ஆறரை முதல் ஏழு அடி, ‘மீடியம் ஹெவி’ என்று எழுதியிருப்பதாகப் பாருங்கள். பைக்கில் கொண்டுபோக இரண்டாகக் கழற்றும் ராடு வசதி. ரீல் விஷயத்தில் முதல் ஆறு மாதம் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீலே போதும். பெய்ட்காஸ்டர் ரீல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பழகாத கையில் நரம்பு (தூண்டில் நூல்) சிக்கிக் குருவிக்கூடு ஆகிவிடும். அந்த நாள் முழுவதும் சிக்கெடுப்பதிலேயே போகும்.

நரம்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 30 முதல் 40 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு நரம்பு, அதாவது பல இழை சேர்த்துப் பின்னியது, வாங்குங்கள். சாதாரண நைலான் தங்கூஸ் இழுத்தால் நீளும். இருபது மீட்டர் தள்ளிப் பாசிக்கு நடுவே மீன் கவ்வும்போது நீங்கள் ராடைச் சட்டென்று இழுத்துக் கொடுக்கும் வெட்டு அந்த நீட்சியிலேயே கரைந்துவிடும், முள் வாயில் ஏறாது. பிரெய்டு நீளாது. பாசித் தண்டையும் ஓரளவு அறுத்துக்கொண்டு வரும்.

தவளைப் பொம்மை ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம், 10 முதல் 15 கிராம் எடை, உள்ளே கூடாக இருப்பதாக இருக்க வேண்டும். அதன் முதுகோடு ஒட்டி இரண்டு முள் மேல்நோக்கி இருக்கும். அதனால்தான் அது பாசியில் மாட்டாமல் வழுக்கி வருகிறது. வாங்கும்போது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதுமே முள் வெளியே தெரிய வேண்டும். கல் மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள், விரால் கவ்வினாலும் முள் வெளியே வராது. முதுகு கறுப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, இரண்டு இருந்தால் ஓர் ஆண்டு ஓடும். உயிர்த்தவளையை இரையாகப் போடும் பழக்கம் ஊர்களில் இருக்கிறது. அது வேண்டாம். வயலில் பூச்சி தின்னும் தவளையைக் குத்தி மீன் பிடிக்க வேண்டிய அவசியம் இன்று இல்லை.

இவற்றோடு நீள மூக்குக் குறடு ஒன்று, ஈரச் சாக்கு அல்லது பழைய துண்டு ஒன்று. அவ்வளவுதான்.

கையில் காசு குறைவு என்றால் மூங்கில் கழி, தங்கூஸ், நெட்டித் தக்கை, ஒற்றை முள், மண்புழு. இதிலும் விரால் மாட்டும். கோரை ஓரமாக ஓர் அடி ஆழத்தில் புழு தொங்கும்படி தக்கையைக் கட்டுங்கள். கெளுத்தியும் ஜிலேபியும் இடையே வந்து தொந்தரவு செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முடிச்சு

பிரெய்டு வழுக்கும் நரம்பு. சட்டைப் பொத்தானுக்குப் போடும் முடிச்சு அதில் நிற்காது. பாலோமர் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள், இது ஒன்று தெரிந்தால் போதும். நரம்பை ஒரு சாண் நீளத்துக்கு இரட்டையாக மடியுங்கள். மடிந்த நுனியைப் பொம்மையின் வளையத்துக்குள் விட்டு வெளியே எடுங்கள். வெளியே வந்த மடிப்பைக் கொண்டு, இரட்டை நரம்பின்மேல் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள், இறுக்கக் கூடாது. இப்போது அந்த மடிப்பின் காதை விரித்து, பொம்மை முழுவதையும் அதற்குள் நுழைத்து வெளியே எடுங்கள். எச்சில் தொட்டு ஈரப்படுத்தி, இரண்டு பக்கமும் சமமாக இழுத்து இறுக்குங்கள். மிச்ச நுனியை அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். பிறகு பொம்மையை ஒரு ஆணியில் மாட்டிப் பலமாக இழுத்துப் பாருங்கள். வீட்டில் அவிழ்ந்தால் நல்லது, ஏரியில் அவிழ்ந்தால் வாயில் முள்ளோடு ஒரு மீன் போய்விடும்.

வீசப் பழகுவது

ஏரிக்குப் போகும் முன் ஒரு வாரம் காலி நிலத்தில் பழகுங்கள். பழைய பொம்மை ஒன்றின் முள்ளை வெட்டிவிட்டு அதைக் கட்டிக்கொள்ளுங்கள். பத்து மீட்டரில் ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை, பதினைந்து மீட்டரில் இன்னொன்று. நூறு வீச்சில் குறைந்தது நாற்பது கூடைக்குள் அல்லது கூடையை ஒட்டி விழ வேண்டும். தூரத்துக்கு ஆசைப்படாதீர்கள். சேலத்து ஏரிகளில் நான் பிடித்த விரால்களில் பெரும்பாலானவை இருபது மீட்டருக்குள் பிடித்தவை. அதிலும் பாதி, கரையிலிருந்து ஐந்தாறு மீட்டரில். மேலே மின்கம்பி போகும் இடத்தில் ஒருபோதும் வீசக் கூடாது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். இடி இடிக்கும்போதும் அதே காரணம்தான், ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையைவிட்டு விலகிவிட வேண்டும்.

ஏரியில்

கரையில் தொம் தொம் என்று நடந்தால் அந்த அதிர்வு தண்ணீருக்குள் போகும். மெதுவாகப் போய், பின்னால் ஒரு மரமோ புதரோ இருக்கும்படி நில்லுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும், இடம் மாறி நில்லுங்கள்.

மூச்சு பார்த்த இடத்தின் தலைமேலேயே போடக் கூடாது. அதைத் தாண்டி ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, பாசிமேல் விழட்டும். விழுந்ததும் நரம்பின் தொய்வை மட்டும் சுற்றிவிட்டு, பத்து எண்ணும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். பிறகு ராடின் நுனியைக் கீழே வைத்துக்கொண்டு, மணிக்கட்டால் சின்னச் சின்னச் சுண்டு. பொம்மை இரண்டு தத்து தத்தி, நிற்க வேண்டும். ஆகாயத்தாமரைக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தெரியும் ஓட்டைகள் இருக்கும். பொம்மை அந்த ஓட்டைக்கு வந்ததும் நிறுத்துங்கள். நானாக இருந்தால் அங்கே இருபது எண்ணுவேன். கடி அதிகமும் விழுவது நகரும்போது இல்லை, நின்ற பிறகுதான். ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை பொம்மையை அமுக்கி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றுங்கள். தண்ணீர் ஏறிய பொம்மை மூழ்கிப்போகும்.

இனி, எல்லாரும் தவறவிடும் இடம். விரால் அடிக்கும்போது வெடிச்சத்தம் மாதிரி கேட்கும். நெஞ்சு பதறும், கை தானாக ராடைத் தூக்கிவிடும். தூக்கினால் பொம்மை மட்டும் உங்களை நோக்கிப் பறந்து வரும். அந்த நொடியில் விரால் பொம்மையைப் பாசியோடு சேர்த்து வாயில் அள்ளியிருக்கும், வாயை இன்னும் மூடியிருக்காது. ராடை மீன் பக்கம் தாழ்த்துங்கள். தொய்வைச் சுற்றுங்கள். ‘ஒன்று… இரண்டு…’ என்று எண்ணி, நரம்பு இறுகி மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு, இரண்டு கையாலும் ராடை மேலே வெட்டுங்கள். முதல் பத்து மீன் தவறும். எனக்கும் தவறியது. எண்ணும் பழக்கம் வந்ததும் நின்றுபோனது.

மாட்டியதும் விளையாட விடாதீர்கள். தலையைத் திருப்பிப் பாசிக்கடியில் புகுந்துவிட்டால் தண்டுகளில் நரம்பைச் சுற்றிவிடும். ராடை உயர்த்தியே வைத்துத் தொடர்ந்து சுற்றி, அதைப் பாசிமேல் வழுக்கிக்கொண்டு வரச் செய்யுங்கள். கரைக்கு வந்ததும் ஈரத் துண்டைப் போட்டுத் தலைக்குப் பின்னால் பிடியுங்கள். வாய்க்குள் விரல் விடக் கூடாது, உள்ளே பல் உண்டு. விரால் அடங்கிவிட்டதுபோலக் கிடக்கும், முள்ளைத் தொட்டதும் ஒரே உதறு உதறும். என் வலது கட்டைவிரலில் முள் ஏறியது அப்படித்தான். அதன் பிறகு குறடு இல்லாமல் நான் எந்த மீனையும் தொடுவதில்லை. அப்படி உங்களுக்கு முள் ஏறி, அதன் கொக்கி (நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூர்) சதைக்குள் போய்விட்டால், இழுத்துப் பிடுங்காமல் மருத்துவரிடம் போய் எடுத்துவிட்டு, தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். முள்ளின் கொக்கியைக் குறடால் முன்பே அமுக்கித் தட்டையாக்கி வைத்தால் உங்களுக்கும் நல்லது, திருப்பி விடப்போகும் மீனுக்கும் நல்லது.

ஆண்டு முழுவதும்

மாசி பாதியிலிருந்து ஏரி மட்டம் மெல்ல இறங்கும். கற்றுக்கொள்ளத் தொடங்க இதைவிட நல்ல காலம் இல்லை. பரந்து கிடந்த மீன் ஒதுங்கத் தொடங்கும், மூச்சும் தெளிவாகத் தெரியும். பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏறத் தண்ணீரில் உயிர்வளி குறையும், விரால் அடிக்கடி மேலே வரும். விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாயும் ஒரு மணி நேரம், இந்த இரண்டும் போதும். நடுப்பகலில் போனால் அடர்ந்த பாசியின் நிழல், மதகடிப் பள்ளம், கரைமரம் தண்ணீர்மேல் சாய்ந்த இடம், இவற்றை மட்டும் பாருங்கள்.

கத்திரி வெயிலில் ஏரி சுருங்கிச் சேறும் குட்டையுமாக ஆகிவிட்டால் ராடை மூட்டை கட்டிவிட வேண்டும். அந்தக் குட்டையில் வீசினால் வரிசையாக மாட்டும், உண்மைதான். ஆனால் தண்ணீர் வற்றினாலும் விரால் சேற்றுக்குள் புதைந்து, ஈரமும் காற்றும் இருக்கும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். அடுத்த ஆண்டின் தாய் மீன்கள் அவை. இதே மாதங்களில் மேட்டூரில் மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். மீன் பிடிக்காவிட்டாலும் போய்ப் பாருங்கள். தண்ணீருக்கடியில் மேடு, பள்ளம், சுவர் எல்லாம் எப்படி இருக்கிறது என்று தூண்டில்காரன் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அது. கோடையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையையும் தவறவிடாதீர்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 12 கிராம் பொம்மை எம்மாத்திரம்? காற்று மிதக்கும் பாசியை ஒரு கரையில் கொண்டுபோய் ஒதுக்கும். அந்தப் பாசி மேட்டின் ஓரத்தைக் காற்று தணிந்திருக்கும் விடியலில் பாருங்கள். காற்று எழுந்ததும் பொம்மையை மாற்றி, தகடு சுழலும் ஸ்பின்னரைத் திறந்த தண்ணீரில் இழுக்கலாம். காவிரிக் கரையில் நிற்பவர்களுக்கு இந்தக் காலத்தில் தனி எச்சரிக்கை: மேட்டூரில் மட்டம் போதுமான அளவு இருந்தால் ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். கர்நாடகத்தில் மழை கொட்டி அணை நிரம்பினால் உபரி நீரும் சேர்ந்து வரும். பூலாம்பட்டிப் பக்கம் முந்தின நாள் நின்று வீசிய பாறை மறுநாள் தண்ணீருக்கடியில் இருக்கலாம். வெள்ள எச்சரிக்கை வந்தால் ஆற்றுக்குப் போகவே கூடாது.

பிறகு மழைக்காலம். நம் மாவட்டத்தில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை கொட்டும் மாதங்கள். சேர்வராயன் மலையில் இரவு பெய்த மழை ஓடைகளில் இறங்கிக் கன்னங்குறிச்சி புது ஏரிக்கு வரும், அது நிரம்பினால் மூக்கனேரிக்குப் போகும். மலைக்குக் கீழே உள்ள ஏரிகளுக்கெல்லாம் ஏறக்குறைய இதே கதைதான். ஆகவே ஏற்காட்டில் மழை என்ற செய்தியைக் கேட்டதும் வரத்து வாய்க்கால் ஏரியில் சேரும் வாய்க்குப் போங்கள். செம்மண் தண்ணீர் புழுவையும் பூச்சியையும் அள்ளிக்கொண்டு வரும். அதைத் தின்னச் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தின்ன விரால் வரும். கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கும் கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டின் தெளிந்த பக்கம் கறுப்புப் பொம்மையை மெதுவாக இழுங்கள். எந்த மாதத்தில் எந்த வீடியோ என்ன சொன்னாலும், என் அனுபவத்தில் ஆண்டின் மிகச் சிறந்த இரண்டு மூன்று நாட்கள் இவைதான்.

ஆனால் புதுத்தண்ணீர் வந்ததும் விரால் முட்டையிடவும் தொடங்கும். கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணீரில், புல்லை ஒதுக்கி வட்டமாக ஓர் இடம் செய்துகொள்ளும். சில நாள் கழித்து அந்தப் பக்கம் நடந்தால், தண்ணீர்மேல் குங்குமத்தைத் தூவியதுபோலச் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் கொப்பளிப்பதைப் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு விரால் குஞ்சு. எல்லாம் சேர்ந்து மேலே வந்து காற்றைத் தொட்டுவிட்டு, சேர்ந்தே கீழே போகும். கூட்டம் மெல்ல நகரும், நின்று சுழலும், மறுபடி நகரும். அதற்கு நேர் கீழே தாயும் தகப்பனும் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் எதைப் போட்டாலும் பாய்ந்து அடிக்கும். பசியால் அடிப்பதில்லை, பிள்ளைகளைக் காப்பாற்ற அடிக்கிறது. அதனால் அதைப் பிடிப்பது மிகச் சுலபம். பிடித்தால் அன்று மாலைக்குள் ஜிலேபியும் மற்ற மீன்களும் அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும்.

குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு நின்று பாருங்கள், அதுவே ஒரு காட்சிதான். பிறகு நூறு அடி தள்ளிப் போய் வீசுங்கள். என்னோடு வருபவர்களிடம் நான் கறாராக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

புரட்டாசி நடுவே வரும். வீட்டில் கவுச்சி கிடையாது என்பதால் பலர் அந்த மாதம் ஏரிப்பக்கமே போவதில்லை. பிடித்துத் திருப்பி விட மனமுள்ளவர்களுக்கு அது நல்ல மாதம், கரையில் கூட்டம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கோடி போனால் (உபரி நீர் வழிந்தால்) தண்ணீர் வயல்வரை பரவிவிடும், மீனும் பரவிவிடும். வெறுங்கையோடு திரும்பும் நாட்கள் அதிகம். மார்கழியிலும் தையிலும் விடியலில் போகத் தேவையில்லை. பத்து மணிக்கு மேல், வெயில் விழும் கரையில், ஆழம் குறைந்த இடத்தில் பொம்மையை வழக்கத்தைவிட மெதுவாக இழுங்கள்.

வைத்துக்கொள்வதும் விடுவதும்

ஓர் அடிக்குக் குறைந்த விராலை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு இரண்டு போதும். உயிர்மீனை ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோய் விடக் கூடாது. வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் அதைத் தண்ணீருக்குத் திருப்பவே வேண்டாம். வெளியூர் மீன் என்ன செய்யும் என்பதற்கு அந்த பாஸ் மீனே சாட்சி. 1925-ல் அதை ஜப்பானில் ஓர் ஏரியில் விட்டார்கள். இன்று அங்கே அதை உயிரோடு கொண்டுபோவதே சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலோ தலைகீழ். 2002-ல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் விராலின் சொந்தக்கார மீன் ஒன்று தென்பட்டபோது குளத்துக்கே மருந்தடித்தார்கள். பாஸ் அதன் ஊரில் இருக்கட்டும், விரால் நம் ஊரில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் அறுந்த நரம்புத் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் போடுங்கள். நீர்க்காகத்தின் காலில் பிரெய்டு சுற்றிக்கொண்டால் அதனால் அவிழ்க்க முடியாது.

விராலை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தால் வீடு வரும்வரை உயிரோடு இருக்கும். உயிரோடு வெட்ட வேண்டாம், தலையில் பலமாக ஓர் அடி கொடுத்த பிறகு கத்தியை எடுங்கள். அதன் மேல் இருக்கும் வழவழப்பு தண்ணீரில் போகாது. கல் உப்பும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துத் தேய்த்து, கறுப்பு வெளுத்து வரும்வரை சொரசொரப்பான கல்லில் உரசிக் கழுவ வேண்டும். புளி கொஞ்சம் தூக்கலாக, பூண்டு தோலோடு தட்டிப்போட்டு, குழம்பு கொதித்து எண்ணெய் மேலே வந்த பிறகு துண்டுகளைப் போடுங்கள். போட்டபின் கரண்டி போடக் கூடாது. சட்டியைத் துணியால் இருபுறமும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுங்கள்.